வேலிக்குக் கீழே

நீலகிரியில் வீட்டைச் சுற்றித் தோட்டம் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் விலங்குகளில் வந்து நிற்கும். உருளைக்கிழங்குப் பாத்தியை முள்ளம்பன்றி தோண்டிப்போட்டது, காட்டெருமை வேலியைச் சாய்த்துக்கொண்டு வந்து ரோஜாத் துளிரை மேய்ந்தது, குரங்குக் கூட்டம் பேரிக்காய்களை ஒரு கடி கடித்து எறிந்தது, கட்டியிருந்த நாயைச் சிறுத்தை தூக்கிப்போனது. இந்தப் பேச்சில் நாங்கள் எப்போதும் பாதிக்கப்பட்டவர்கள். காடு ஊருக்குள் வந்துவிட்டது, யாரும் கேட்பதில்லை என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு அது பழகியும் போய்விட்டது. எங்கள் வேலிக்குக் கீழே, தேயிலைச் சரிவின் அடியில், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பது அந்தப் பேச்சில் வந்ததே இல்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களில் ஒருவனாக, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மலையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் எங்கள் தவறு எங்கே என்று புரியும். மேட்டில் சாலை. சாலையை ஒட்டி எங்கள் வீடுகள், புல்தரை, பூச்செடிகள், கேரட், பீட்ரூட் பாத்திகள், சில பேரி, பிளம்ஸ் மரங்கள். அதற்குக் கீழே தேயிலை. தேயிலைக்குக் கீழே லைன். லைனைத் தாண்டினால் ஓடை, ஓடைக்கரையில் சோலைக்காட்டின் மிச்சம். பகலில் அந்தச் சோலையிலும் புதரிலும் படுத்திருக்கும் கரடியும் சிறுத்தையும் பன்றியும் இருட்டியதும் மேலே ஏறுகின்றன, விடிவதற்குள் இறங்கிப் போகின்றன. எங்கள் தோட்டத்துக்கு வருகிற விலங்கு போகவும் வரவுமாக இரண்டு முறை லைன் வீடுகளைக் கடக்கிறது. அதை மேலே இழுப்பது எது என்று எங்களில் எவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இழுப்பது எங்கள் சமையற்கட்டின் பின்பக்கம். செடிகளுக்கு இயற்கை உரம் வேண்டும் என்று எல்லோரும் எருக்குழி தோண்டினோம். நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் குழியில் காய்த்தோலும் இலைச்சருகும் மட்டும் போகவில்லை. மீன் கழுவிய தண்ணீர், கோழித்தோல், மிஞ்சிய சோறு, புளித்த மாவு, எண்ணெய் வடித்த காகிதம் எல்லாம் போயின. மூடி போட்ட வீடுகள் மிகக் குறைவு. பிளம்ஸ் மே, ஜூனில் பழுத்து உதிரும், பேரி ஜூலை, ஆகஸ்டில். உதிர்ந்ததைப் பொறுக்க ஆளில்லை என்று அப்படியே விட்டோம். மரத்தடியில் அழுகிப் புளித்த பழத்தின் வாசனை ஓடைவரை இறங்கும். கரடிக்குப் பார்வை மங்கல், மோப்பம் மிகக் கூர்மை. அதன் எச்சத்தைக் குச்சியால் கிளறினால் வழக்கமாகக் கறையான் தலைகள், எறும்பின் ஓடுகள், காட்டுப் பழக்கொட்டைகள் இருக்கும். எங்கள் தெருவில் ஒரு வேலியோரம் கிடந்ததில் பிளம்ஸ் கொட்டைகளும் சோற்றுப் பருக்கைகளும் பால் பாக்கெட்டின் வெட்டிய மூலை ஒன்றும் இருந்தன. பிளாஸ்டிக் பைக்குத் தமிழகம் முழுக்கத் தடை வந்தது 2019இல். சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்தபோது, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இந்த மாவட்டம் பிளாஸ்டிக்குக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கிவிட்டது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எங்கள் வீட்டுப் பின்புறத்திலிருந்து போனதுதான் அந்தப் பாக்கெட் மூலை.

கோத்தகிரிப் பக்கம் கரடி பேக்கரிக் கதவை உடைத்ததையும் கோயில் விளக்கின் எண்ணெயைக் குடித்ததையும் செய்தித்தாளில் படிக்கிறோம். மனிதர் உணவின் ருசி கண்ட கரடி, கறையான் புற்றைப் பெயர்த்து உறிஞ்சும் உழைப்புக்குத் திரும்ப மனம் வைப்பதில்லை. அப்படிப்பட்ட ஒன்று விடிகாலையில் இறங்கும்போது, கொழுந்து பறிக்கக் கிளம்பும் பெண்கள் அதே பாதையில் ஏறி வருகிறார்கள். மூடுபனியில் பத்தடி தூரத்தில்தான் ஒருவரை ஒருவர் பார்க்க முடியும். திடுக்கிட்ட கரடி ஓடுவதைவிடப் பாய்வதே அதிகம், பாய்ந்தால் முகத்திலும் தலையிலும்தான் காயம். நாங்கள் அப்போது வீட்டுக்குள் காபி குடித்துக்கொண்டிருப்போம்.

நாய்களைப் பற்றிச் சொல்வது இன்னும் கடினமாக இருக்கிறது. எல்லோருக்கும் அவை பிள்ளைகள் மாதிரி. இருந்தும் இந்த மலையில் நாங்கள் நாய்களை நடத்திய விதத்தை நேராகப் பார்த்தாக வேண்டும்.

நாயை நாங்கள் வைத்தது பயிர்க் காவலுக்கு. அந்தப் பயிர்கள், உருளைக்கிழங்கு போன்றவை, இங்கே வந்து இருநூறு ஆண்டுதான் ஆகிறது. 1819இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து, கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் தங்கினார். உருளைக்கிழங்கும் மற்ற ஐரோப்பியக் காய்கறிகளும் இந்த மண்ணில் ஊன்றியதில் அவர் பங்கு பெரிது. பயிருக்கு விலங்கு வரும் என்பது அதற்கு வெகுமுன்பே இங்கிருந்தவர்களுக்குத் தெரியும். இருளர், குறும்பர் ஊர்களில் சாமையும் ராகியும் விளையும் காலத்தில் பரண் கட்டி, தீ மூட்டி, இரவெல்லாம் ஆள் விழித்திருப்பார்கள். பயிர் வைத்தவரே காவலும் இருந்தார். நாங்கள் பயிரை வைத்துக்கொண்டு காவலை நாயிடம் விட்டோம். இரவு முழுக்க அவிழ்த்துவிட்டோம், அல்லது கேட்டருகில் சங்கிலியில் கட்டினோம். சங்கிலியில் கட்டிய நாயால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. காலையில் அறுந்த சங்கிலியும் கழுத்துப்பட்டையும் கிடக்கும். ஒரு வாரம் அழுவோம். அடுத்த மாதம் இன்னொரு குட்டி வந்து அதே சங்கிலியில் நிற்கும்.

சிறுத்தை நாயைத் தின்னும் என்பது தெரியாத விஷயமல்ல. மகாராஷ்டிரத்தில் அகோலே வட்டாரத்தின் வயல்வெளிகளில் சிறுத்தை ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் உடன் பணியாற்றியவர்களும் சிறுத்தை எச்சங்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். 2014இல் வெளிவந்த முடிவின்படி அங்கே சிறுத்தை உண்ட இறைச்சியில் எடைக்கணக்கில் 87 சதவீதம் வளர்ப்பு விலங்குகள், அதில் நாய் மட்டும் 39 சதவீதம். ஆட்டைவிட நாயே அதற்கு முதன்மை உணவாக இருந்தது. ஒரு நாய் போனதும் இன்னொன்றைக் கொண்டுவந்து கட்டிய எங்கள் பழக்கத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், பல ஆண்டுகளாக நாங்கள் சிறுத்தைக்கு இரை வைத்துக்கொண்டிருந்தோம் என்பது தெரியும். வீட்டு வாசலில் இரை கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட விலங்கு, மேலே எங்கள் கேட் பூட்டியிருந்தால் கீழே போகும். கீழே கேட் கிடையாது. ஆடும் கோழியும் நாயும் குழந்தையும் ஒரே வாசலில்.

2023 தீபாவளியன்று குன்னூர் புரூக்லேண்ட்ஸில் நாயைத் துரத்திவந்த சிறுத்தை ஒரு வீட்டுக்குள் புகுந்துவிட்டது. மீட்கப் போன தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலர் காயப்பட்டார்கள். ஊரே பேசியது. அடுத்த இரண்டு மாதத்துக்குள், 2024 ஜனவரியில், பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. வெளிமாநிலத்திலிருந்து தேயிலை வேலைக்கு வந்த குடும்பம் அது. அந்தச் சாவுக்கும் குன்னூரில் நாங்கள் வளர்க்கும் நாய்களுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. எந்த வீட்டுப் பிள்ளைகள் சிறுத்தைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள் என்பதை அது காட்டியது. அதன் பிறகும் எங்கள் சரிவில் எதுவும் மாறவில்லை.

இன்று லைன்களில் பாதி வீடுகளில் பேசுவது இந்தியும் ஜார்க்கண்டின் சாத்ரியும் வங்காளமும். இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தமிழர்கள் வந்த புதிதில் காட்டைப் பழகக் கஷ்டப்பட்டார்கள். ஆனால் அவர்களிடம் தமிழில் சொல்ல ஆள் இருந்தது. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்திருப்பவர்களிடம், இந்தப் பாதையில் இருட்டியபின் குழந்தையை முன்னால் ஓடவிடாதே, பேசிக்கொண்டே நட, குனிந்து உட்காராதே என்று யார் சொன்னார்கள்? நாங்கள் சொல்லவில்லை. எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சிசிடிவியில் சிறுத்தை தெரிந்தால் நடுராத்திரியிலும் படம் வந்துவிடும். கருஞ்சிறுத்தை என்றால் எல்லோரும் மகிழ்ந்து பகிர்வோம். அந்தப் படம் எங்கள் குழுவிலேயே நின்றது. லைனிலிருந்து ஒருவர்கூட அதில் இருக்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வால்பாறையில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே யானை எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதை ஊர்க்காரர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர்த் தொலைக்காட்சி வழியாகவும் சொன்னார்கள். யானை அருகில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகளைப் பாதையோரம் வைத்தார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமாரும் அவர் குழுவும் செய்த வேலை அது. 2015இல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. விருது கிடைத்த செய்தியை நாங்களும் பாராட்டிப் பேசினோம். சிறுத்தை வந்த செய்தியைக் கீழே ஐந்நூறு அடி தள்ளி இருப்பவர்களுக்குச் சொல்ல எங்களுக்கு விளக்குக்கூட வேண்டியிருக்கவில்லை, ஒரு தொலைபேசி எண் போதும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே தீர்வு கூண்டு. நாய் போனால் மனு எழுதுவோம், கூண்டு வையுங்கள், பிடித்து முதுமலையில் விடுங்கள் என்று. புனேயை அடுத்த ஜுன்னரில் சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டுப் பார்த்தார்கள். விட்ட இடங்களின் சுற்றுப்புறத்தில் மனிதர்மீதான தாக்குதல் கூடியது. பழகிய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட சிறுத்தைக்கு மனிதரைத் தவிர்த்து நடக்கும் வழி தெரிவதில்லை. பிடித்த இடம் காலியாகவும் இருப்பதில்லை, எருக்குழியும் நாயும் அப்படியே இருந்தால் இன்னொன்று வரும். ஒவ்வொரு மனுவும் எங்கள் வேலிக்குள் இருக்கும் சிக்கலை இன்னொரு ஊர்க்காரரின் வாசலுக்கு அனுப்பச் சொல்லும் மனுதான். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

தடுப்பூசிக்கு வருகிறேன். எங்கள் லாப்ரடாருக்கும் பீகிளுக்கும் ஆண்டுதோறும் ஊசி போட்டோம். அந்த நாய்கள் போட்ட குட்டிகளில் வீட்டுக்குப் போகாதவற்றைச் சந்தை ஓரத்திலும் எஸ்டேட் சாலையிலும் விட்டவர்கள் எங்களில் உண்டு. அவைதான் லைன் நாய்களாக வளர்ந்தன, ஊசி இல்லாமல், கருத்தடை இல்லாமல். நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸ் காட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. 1994இல் செரெங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு அதில் செத்தது. 2018இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது அதே வைரஸைக் கண்டார்கள். செந்நாய்களும் சிறுத்தைகளும் எங்கள் நாய்களின் எச்சிலிலிருந்து ஓர் ஓடை தூரத்தில் இருக்கின்றன. வெறிநோயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடிபட்டால் ஊசிக்கு ஒருநாள் கூலியை விட்டு பஸ் ஏற வேண்டியவர்கள் கீழே இருப்பவர்கள்தான்.

காட்டுப்பன்றி உருளைக்கிழங்கை உழுதுபோட்ட மறுநாள், தோட்ட வேலைக்கு வருபவரிடம் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: "எப்படியாவது அதை நிறுத்துப்பா." எப்படி என்று கேட்டுக்கொள்வதில்லை. அவர் பைக்கின் பழைய கிளட்ச் வயரை வளைத்து, வேலியில் பன்றி நுழையும் ஓட்டையில் சுருக்குப் போடுகிறார். அந்தக் கம்பி என் விரல் தடிப்புக்கூட இருக்காது. பன்றி போகும் வழியில் சிறுத்தையும் போகும். இடுப்பில் இறுகிய சிறுத்தை இழுக்க இழுக்கக் கம்பி தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும், மணிக்கணக்கில். வனத்துறை வந்து விசாரிக்கும்போது வழக்கு அந்த வேலையாள்மீது. தோட்ட உரிமையாளர் ஊரில் இல்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வட்டாரத்தில் இது நடந்திருக்கிறது, நாங்கள் பேசாமல் இருந்திருக்கிறோம்.

2021 ஜனவரியில் மசினகுடியில் எரியும் டயரை யானைமீது எறிந்தபோது நாங்கள் பதறினோம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஹள்ளி அருகே கள்ள மின்வேலியில் மூன்று யானைகள் செத்தபோது கண்டித்தோம். அதே ஆண்டு செப்டம்பரில் அவலாஞ்சிப் பக்கம் விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலிகள் செத்தபோது வருந்தினோம். அந்தப் பதற்றமெல்லாம் உண்மையானதுதான். ஆனால் அதில் எதுவும் எங்கள் வேலி ஓட்டையில் என்ன மாட்டியிருக்கிறது என்று போய்ப் பார்க்க எங்களை எழுப்பவில்லை.

காட்டெருமை விஷயத்தில் எங்கள் பங்கு மதில். மேல்நீலகிரியின் புல்வெளிகளில் சீகையும் கற்பூர மரமும் பைனும் நட்டார்கள், மிச்சத்தில் தேயிலையும் காய்கறியும் வந்தன. மேய்ச்சல் இழந்த காட்டெருமை, தண்ணீர் பாய்ச்சி வளர்த்த எங்கள் புல்தரைக்கு வருவதில் வியப்பில்லை. மே மாத மலர் கண்காட்சியையொட்டி நடக்கும் தோட்டப் போட்டிக்காக அந்தப் புல்லை நாங்கள் கம்பளமாக வைத்திருக்கிறோம். காட்டெருமை உள்ளே வராமலிருக்க ஒருவர் மதில் எழுப்பினார், பக்கத்து வீட்டார் எழுப்பினார், வரிசையாக எல்லோரும் எழுப்பினோம். இப்போது மேட்டுச் சாலைக்கும் தேயிலைக்கும் இடையே இருக்கும் வழி, இரண்டு மதில்களுக்கு நடுவே ஆறடி அகல நடைபாதை. முன்பு சரிவு முழுக்கப் பரவி இறங்கிய காட்டெருமைகள் இப்போது அதில் இறங்குகின்றன. லைன்காரர்களுக்கும் கடைக்கும் பஸ்ஸுக்கும் போக அதுதான் வழி. ஒரு டன் எடை வரை வளரும் காளை எதிரே நின்றால் ஒதுங்குவதற்கு இடப்பக்கமும் கல், வலப்பக்கமும் கல். தலையில் விறகோடு அந்தப் பாதையில் பின்னோக்கி நடந்து இறங்கிய அக்கா ஒருவர், "மதில் கட்டும்போது ஒரு ஆள் நுழையுற மாதிரி சந்து விட்டிருக்கலாமேங்க" என்றார். அந்தச் சந்து விட ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதைவிட, அவரைக் கேட்கவே ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

கீழ்ச்சரிவில் வாங்கிப்போட்ட மனைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாதபோது சிறு விவசாயிகள் விற்றார்கள், நாங்களும் எங்கள் உறவினர்களும் வாங்கினோம். கவாத்து செய்யாத தேயிலை மரமாகிவிட்டது. அடியில் உண்ணிச்செடி அடைந்துவிட்டது. சிறுத்தை பகலில் படுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. உரிமையாளர் கோவையிலோ சென்னையிலோ இருக்கிறார், பிள்ளைகள் அந்தப் புதரை ஒட்டித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

சிறிய உயிர்களிடமும் நாங்கள் இப்படித்தான். கேரட் பாத்தியைக் கிளறும்போது விரல் தடிப்பில் பழுப்பாக ஒரு பாம்பு நெளியும். மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து மண்புழு தின்பது, விஷமில்லாதது, இந்த மலைத்தொடரைவிட்டு வேறெங்கும் இல்லாத வகைகள் அதில் உண்டு. மண்வெட்டியால் இரண்டாக்கிவிடுகிறோம். எலிக்கு வைத்த விஷம் ஆந்தையையும் சாரையையும் கொல்கிறது. இந்த மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத நீலகிரிச் சிரிப்பான் எங்கள் வேலியில்தான் கூடு கட்டுகிறது, எங்கள் பூனை அதன் குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு வரும்போது பூனையைக் கொஞ்சுகிறோம்.

இப்போது சில காரியங்கள் தொடங்கியிருக்கின்றன. எங்கள் தெருவில் எருக்குழிகளுக்குக் கம்பிவலை அடித்த கனமான மூடி வந்துகொண்டிருக்கிறது, மீனும் இறைச்சியும் அதில் போடுவதில்லை. பழம் உதிரும் பருவத்தில் அந்தந்த நாள் மாலைக்குள் பொறுக்கிவிடுவது என்று பேசியிருக்கிறோம். முள்ளம்பன்றிக்கு வேலிக் கம்பியைத் தரைக்குக் கீழே ஓரடி புதைத்தவர்களுக்குக் கிழங்கு தப்பியது, சுருக்கு தேவைப்படவில்லை. இரவில் நாய்க்கு மேலேயும் வலை போட்ட கூண்டு, அல்லது வீட்டுக்குள் இடம். லைனிலிருந்து மூன்று பேரைக் குழுவில் சேர்த்தாயிற்று. அவர்களில் ஒரு இளைஞர் ராஞ்சிக்காரர், படம் வந்ததும் இந்தியில் குரல்பதிவு போட்டுத் தன் பக்கத்து வீடுகளுக்கு அனுப்புகிறார். லைன் நாய்களுக்கு ஊசி போடக் கால்நடை மருத்துவரை அழைத்திருக்கிறோம், செலவு எங்களுடையது.

நடைபாதைதான் இன்னும் பாக்கி. இருபுறமும் மதிலில் ஆள் ஒதுங்கும் அளவுக்கு நாலு இடத்தில் இடித்துத் திறக்க வேண்டும், கீழ் மனைகளில் பாதையோரப் புதரைப் பத்தடிக்கு வெட்ட வேண்டும், லைன் முனையில் ஒரு விளக்கு வேண்டும். விளக்குக்கு ஊராட்சியில் எழுதிக் கொடுத்தாயிற்று. புதர் வெட்ட இரண்டு உரிமையாளர்கள் சரி என்றார்கள், மற்றவர்களின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மதிலை இடிக்க இதுவரை ஒப்புக்கொண்டது ஒரே வீடு. மற்ற வீட்டார்களிடம் அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறோம். எங்கெங்கே திறக்க வேண்டும் என்பதை அவர்தான் காட்ட வேண்டும்.